இத்தாலியின் மீனவ ஊரில் எட்டு ராத்திரி: குடும்பத்தோடு போக நீங்களே திட்டம் போடுவது எப்படி

இத்தாலிக்குப் போகலாம் என்று எங்கள் காலடிப்பேட்டை வீட்டில் பேச்சு எழுந்தபோது கையில் முதலில் வந்தது ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் கொடுத்த தாள்தான். ஏழு நாளில் ரோம், பிளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலன். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், பாதி நாளுக்கு மேல் விடியற்காலையில் பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருந்தது. என் அத்தைக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் வலி. சின்னவனுக்கு 5 வயது, மகளுக்கு 11. இவர்களை இழுத்துக்கொண்டு அப்படி ஓட முடியாது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு ஒரே ஊர், ஒரே வீடு, எட்டு ராத்திரி என்று முடிவு செய்தோம். ஊரின் பெயர் கமோலி, வடமேற்கு இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக நகருக்குக் கிழக்கே, லிகூரியா மாநிலக் கடற்கரையில் இருக்கிறது. நீங்களும் அப்படிப் போக நினைத்தால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு கடற்கரை எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வட சென்னைக்காரர்களுக்குப் பதில் தெரியும். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. இன்று நம் பக்கம் பெரும்பாலும் பாறாங்கல்லும் தூண்டில் வளைவும்தான். கடல் சத்தத்தில் தூங்கி எழும் என் பிள்ளைகள் கடலில் இடுப்பளவு இறங்கியதே இல்லை. அதனால்தான் அவர்கள் இறங்கி விளையாடும் கடலாக ஒன்று வேண்டும் என்று தேடினேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், ஊரைப் பிறகு பார்க்கலாம். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை, அதை ஒட்டி முன்னும் பின்னும் நாடே கடற்கரைக்கு வந்துவிடும், வாடகையும் ஏறிவிடும். அங்கே பள்ளிகள் ஜூன் முதல் பாதியில் மூடி செப்டம்பர் நடுவில்தான் திறக்கும். நமக்கோ மே முழுக்க விடுமுறை. நமக்கு லீவு, அவர்களுக்குப் பள்ளி நாள் என்று இருக்கிற மே மாதத்தைப் போல அமைதியான காலம் கிடைக்காது. ஒரே குறை, மே மாதத்தில் அந்தக் கடல் குளிரும், 18 டிகிரி பக்கம்தான் இருக்கும். வெயில் ஏறிய பிறகு பிள்ளைகள் இறங்கினார்கள், பெரியவர்கள் காலை நனைத்ததோடு சரி. எல்லோரும் முழுசாகக் குளிக்க வேண்டும் என்றால் செப்டம்பர்தான், காலாண்டு லீவோடு சேர்த்துப் பள்ளியில் சில நாள் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ஊரைத் தேர்ந்தெடுக்க நான் மூன்றே விஷயம் பார்த்தேன்: ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், இன்றைக்கும் படகு கடலுக்குப் போய் மீன் வர வேண்டும், மழை வந்தால் போக ஒரு பெரிய ஊர் பக்கத்தில் இருக்க வேண்டும். கமோலிக்கு மூன்றும் உண்டு. ஆறேழு மாடி உயரத்துக்கு மஞ்சளும் செம்மண் நிறமுமாகப் பூசிய வீடுகள் கடலைப் பார்த்து நிற்கும், கடலிலிருந்து திரும்புகிறவர்கள் தூரத்திலேயே தங்கள் வீட்டை அடையாளம் காண்பதற்காக அந்த நிறங்கள் என்று சொல்வார்கள். பக்கத்தில் புந்தா கியாப்பா முனையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சூரை மீனுக்கு நிலையான வலை போடுகிறார்கள், அந்த வலை தென்னை நாரில் முடைந்தது. இதைக் கேட்டதிலிருந்து அத்தைக்கு ஊர் பிடித்துப்போயிற்று, அவர் பிறந்தது காசிமேட்டு வலைக்காரர் வீட்டில்.

மணல் வேண்டும் என்கிறவர்கள் கமோலிக்குப் போகாதீர்கள், அங்கே கூழாங்கல் கரை. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் ஸ்பெர்லோங்கா என்று ஒரு ஊர் இருக்கிறது, நீளமான மணல் கரை, ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்துக் குகை, பக்கத்தில் அருங்காட்சியகம். ஆனால் ஸ்டேஷன் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நெத்திலிப் பிரியர்களுக்கு அமால்ஃபி கரையில் சேத்தாரா, நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்தெடுக்கும் சாறுக்குப் பெயர் போன ஊர், ஆனால் அங்கே ரயில் கிடையாது. சிங்க்வே தேர்ரே என்ற ஐந்து ஊர்களைப் படங்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். அழகுதான், ஆனால் கூட்டம் தாங்காது. கமோலியில் தங்கிக்கொண்டு ஒரு நாள் ரயிலில் போய் வந்தால் போதும்.

வீடு பிடிப்பதில்தான் அதிக கவனம் வேண்டும். இந்தக் கரையில் ஊர்கள் எல்லாம் மலைச் சரிவில் தொங்குகின்றன, எங்கே போனாலும் படி. நாங்கள் ஆசைப்பட்ட முதல் வீட்டுக்காரர் 'கொஞ்சம் படி உண்டு' என்றார். எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்டதும் 112 என்று பதில் வந்தது! ஆகவே மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். ஸ்டேஷனிலிருந்து கட்டடத்து வாசல் வரை எத்தனை படி, வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படி, லிஃப்ட் உண்டா. கடலை ஒட்டிய வீடு படத்தில் அழகாக இருக்கும், வயதானவர்கள் இருந்தால் ஸ்டேஷன் மட்டத்தில் இருக்கும் மேல் தெருவில் எடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் இருக்க வேண்டும், விளம்பரத்திலும் அதைப் போட வேண்டும், சின் (CIN) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். துணி துவைக்கும் மெஷின் இருக்கிற வீடாக எடுத்தால் பெட்டி பாதியாகக் குறையும். அப்புறம் நம் வீடுகளில் எல்லோரும் கவலைப்படும் ஒரு விஷயம், கால் கழுவத் தண்ணீர். இத்தாலியில் அந்தக் கவலை வேண்டாம். வீட்டுக் குளியலறையில் பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் குழாய் வைத்த தொட்டி, இருக்க வேண்டும் என்று 1975-லேயே விதி போட்டுவிட்டார்கள்.

விசாவுக்கு வருவோம். இத்தாலி உட்பட பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. மே பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள், கோடை நெருங்க நெருங்க இடம் கிடைப்பது கஷ்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்கு மேல் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவு தாங்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பாங்க் கணக்கில் கடைசி வாரத்தில் திடீரென்று பெரிய தொகை போட்டுக் காட்டுவதைவிட மாதா மாதம் சீராக வரவு செலவு தெரிவதுதான் நல்லது. விசா மறுத்தால் கட்டணம் திரும்ப வராது, அதனால் வீட்டையும் டிக்கெட்டையும் ரத்து செய்யக் கூடிய வகையிலேயே எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. வளைகுடா வழியாக மிலன் போய், அங்கிருந்து ரயிலில் ஜெனோவா, அங்கே மாறி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கமோலி. மிலனில் மாலைக்கு மேல் இறங்கும் விமானம் என்றால் அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ரயில் மாறுவது வேண்டாத வேலை. வட்டார ரயில்களுக்கு முன்பதிவு தேவையில்லை, எப்போது எடுத்தாலும் ஒரே விலை. ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்த வேண்டும், மொபைலில் எடுத்த டிக்கெட் என்றால் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம். ரயில் வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி நடக்கும், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடும். ஊர் திரும்பும் நாளுக்கு இதை ஒரு வாரம் முன்பே பாருங்கள். கார் எடுக்க வேண்டாம் என்பேன். வலது பக்கம் ஓட்ட வேண்டும், பழைய ஊர்களுக்குள் வெளி வண்டி நுழைந்தாலே கேமரா பிடித்து அபராதம் அனுப்பும், நிறுத்தவும் இடமில்லை.

பெட்டியில் சாம்பார் பொடி, ரசப்பொடி, புளி, ஊறுகாய், ஒரு சின்ன குக்கர் போதும். நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு, இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, மே மாதம் என்பதால் யாராவது இரண்டு மல்கோவாவைத் திணித்துவிடுவார்கள், எடுத்து வெளியே வையுங்கள். தேங்காய்க்குத் தடை இல்லை. அங்கே கடையில் கிடைக்கும் ரிசோட்டோ அரிசி குழைந்துவிடும், சாதத்துக்கு ஆகாது, தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் அருமை. நம் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை சைவம் என்று இருப்பவர்களுக்கு: பீட்சா மரினாரா என்ற பெயரைப் பார்த்து மீன் என்று நினைக்காதீர்கள், தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும்தான், சீஸ்கூடக் கிடையாது. பார்மசான் சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைப்பொருள் சேர்கிறது, துளசி வகை இலையில் அரைக்கும் பெஸ்தோ சட்னியிலும் அந்த மாதிரி சீஸ்தான் போடுவார்கள். லிகூரியாவில் ஃபரினாத்தா கேட்டு வாங்குங்கள், கடலை மாவு, தண்ணீர், உப்பு, எண்ணெய் அவ்வளவுதான், அடுப்பில் சுட்ட கடலைமாவு அடை. அத்தை தினமும் அதைத்தான் கேட்டார். நெத்திலியை அங்கே அச்சூகே என்பார்கள், வாங்கி வந்து நம் மசாலா தடவி வறுத்தோம். ராத்திரி ஹோட்டல்கள் ஏழரைக்கு முன் திறக்காது, பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ கொப்பேர்த்தோ என்று வரும், மேசைக் கட்டணம், ஏமாற்றவில்லை. தங்கும் வரி என்று ஆளுக்கு, ராத்திரிக்கு என்று சில ஊர்களில் வாங்குவார்கள், பெரும்பாலும் ரொக்கமாகக் கேட்பார்கள்.

கரைக்குப் போனால் குடையும் நாற்காலியும் வரிசையாக இருக்கும் இடம் கட்டணக் கரை, அதை விட்டு நகர்ந்தால் இலவசக் கரை இருக்கும், அங்கே துண்டை விரித்துக்கொள்ளலாம். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, பெரும்பாலான நாள் அலையும் சின்னதுதான். ஆனால் கூழாங்கல் கரை சட்டென்று ஆழமாகும், இரண்டு எட்டு வைத்தாலே பிள்ளைகளுக்குக் கழுத்தளவு வந்துவிடும், கூடவே இறங்குங்கள். ரப்பர் செருப்பு கட்டாயம்.

எட்டு நாளில் மூன்று நாளுக்கு மட்டும் வெளியே போகத் திட்டம் போடுங்கள். ஒரு நாள் ஜெனோவா, ரென்சோ பியானோ வடிவமைத்து 1992-ல் திறந்த மீன் காட்சியகம் அங்கே இருக்கிறது, மழை நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சிங்க்வே தேர்ரே. ஒரு நாள் படகில் சான் ஃப்ருத்துவோசோ, கார் போகாத குடாவில் பழைய மடாலயம், 1954-ல் கடலடியில் இறக்கிய இயேசு சிலை இருப்பதும் அதே குடாவில்தான். மே இரண்டாம் ஞாயிறு கமோலியில் மீன் திருவிழா, நான்கு மீட்டர் அகலமான வாணலியில் மீன் வறுத்துக் கொடுப்பார்கள், மீனவர்களின் புனிதர் ஃபோர்த்துனாத்தோவுக்காக முந்தின ராத்திரி கரையில் பெரிய தீ மூட்டுவார்கள். ராயபுரம் ராயப்பர் கோவில் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அமைதிதான் வேண்டும் என்றால் அடுத்த திங்கள்கிழமை போய் இறங்குங்கள். சான் ஃப்ருத்துவோசோவுக்குப் போகும் அன்று, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் மலைப்பாதையில் நடந்துதான் வர வேண்டும், முட்டி வலிக்காரர்களால் அது முடியாது.