பாட்டிலில் இரண்டு கோடுகள்: பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் கொடுக்கும் முறை

போன ஆடி மாதம் ஒரு அப்பத்தா கடைக்கு வந்து, முந்தானையில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, மூணு நாளாக் குடுக்குறேன். பயலுக்குக் காய்ச்சல் கேக்கவே மாட்டேங்குது. மருந்து செத்துப்போச்சா என்ன?"

பாட்டிலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கழுத்து வரைக்கும் தண்ணீர். தண்ணீர் ஊற்றி 30 மி.லி. சிரப்பாகக் கலக்க வேண்டிய பவுடர் அது. தண்ணீர் நிற்க வேண்டிய கோடு பாட்டிலின் நடுவயிற்றுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அவர் ஊற்றியதில் மொத்தம் 50 மி.லி. ஆகியிருந்தது. பேரனுக்கு 5 மி.லி. கொடுத்ததாக நினைத்திருக்கிறார், உள்ளே போனது 3 மி.லி.க்கான மருந்துதான். பாட்டிலோடு டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். அவர் புதுப் பாட்டில் எழுதி, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

தப்பு அப்பத்தாவுடையது இல்லை. அன்று கடையில் கூட்டம். "கோடு வரைக்கும் தண்ணி ஊத்துங்க" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். எந்தக் கோடு என்று விரலால் தொட்டுக் காட்டவில்லை. காரைக்குடியில் இருபது வருஷத்துக்கு மேலாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். நான் பார்த்தவரை, பிள்ளைக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தப்புகளில் பாதி, மருந்து பிள்ளையின் வாய்க்குப் போவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. அதனால் பாட்டிலில் இருந்தே தொடங்குகிறேன்.

லேபிளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்பதற்கு அதுதான் அடையாளம். "போன தடவை குடுத்த அதே மருந்தைக் குடுங்கண்ணே, அதே சளிதான்" என்று கேட்பவர்களிடம் அந்தக் கோட்டைத்தான் காட்டுகிறேன். சாதாரணச் சளி, மூக்கொழுகல் எல்லாம் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது. செஃபிக்ஸிம், செஃபோடாக்ஸிம் போன்ற மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எழுதிய டாக்டர் யார், நோயாளி யார் என்று நாங்கள் தனி நோட்டில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பேர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, போன வருஷத்துச் சீட்டு இந்த வருஷத்துக்கு ஆகாது. பிள்ளையின் எடையைப் பார்த்துத்தான் அளவு எழுதுகிறார்கள். பிள்ளை வளர்ந்திருக்கும்.

இரண்டாவது கோடு தண்ணீர்க் கோடு. ஒரு வளையமாகவோ அம்புக்குறியாகவோ லேபிளிலோ பாட்டிலிலோ இருக்கும். கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அதைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கலக்கும் முறை இதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிடுங்கள். கை பொறுக்கிற சூடுகூட வேண்டாம், சூடு மருந்தைக் கெடுக்கும். பவுடர் அடியில் கட்டி பிடித்திருக்கும்; மூடியைத் திறக்குமுன் பாட்டிலை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் உதிரும். கோட்டுக்குப் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, மூடி, குலுக்குங்கள். பிறகு மீதியை ஊற்றிக் குலுக்குங்கள். இப்போது நுரை கோட்டைத் தாண்டி நிற்கும். அதைப் பார்த்து "சரியா வந்துருச்சு" என்று விட்டுவிடக் கூடாது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். குறைகிற அளவுக்கு மறுபடி ஊற்றி, இன்னொரு முறை குலுக்கினால் முடிந்தது. சில கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குப்பி வைத்திருக்கும். அப்படி இருந்தால் பெட்டியில் எழுதியிருக்கிறபடி அந்தத் தண்ணீரையே ஊற்றினால் போதும்.

ஒரு அம்மா வேளைக்கு ஒரு ஸ்பூன் பவுடரை எடுத்து, அப்போதைக்கு அப்போது தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருந்து வீணாகாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். ஸ்பூன் பவுடரில் எத்தனை வேளை மருந்து இருந்ததோ. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: அசித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் பல நேரம் கலந்த திரவமாகவே வரும். அதில் தண்ணீர் சேர்க்கவே கூடாது.

கலந்த தேதியை பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் ஆசிடும் சேர்ந்த சிரப், தண்ணீர் பட்டதும் மெதுவாகச் சிதைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் பவுடராக விற்கிறார்கள். கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்தால் 7 நாள், அதற்கு மேல் ஆகாது. மற்ற மருந்துகளுக்குக் கணக்கு வேறு, லேபிளைப் பாருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். டாக்டர் இரண்டு பாட்டில் எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். முதலாவது தீரும்போது அடுத்ததைக் கலக்கலாம்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் கூச்சப்படாமல் டாக்டரிடமே சொல்லுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் இதைச் சொல்லாமல் சிரப்பை வாங்கிப் போய் சித்திரை வெயிலில் அலமாரியில் வைக்கிறார்கள். டி.டி. மாத்திரை என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்பூன் ஆறிய தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் எல்லாம் அந்த வடிவில் கிடைக்கின்றன. கலக்குகிற வேலை இல்லை, ஃபிரிட்ஜும் வேண்டாம். விலையும் பல நேரம் குறைவு. எனக்கு லாபமும் குறைவு, இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்தது அளவு. சீட்டில் "5 மி.லி. - 0 - 5 மி.லி." என்று இருக்கும், காலையிலும் இரவிலும் என்று அர்த்தம். ஆனால் 5 மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பதுதான் முக்கியம். அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் சிரப் 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்றும் வருகிறது, 457 மி.கி. என்றும் வருகிறது. பெட்டி ஒரே மாதிரி, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதை எழுதியிருக்க, கடையில் இரண்டாவதைக் கொடுத்துவிட்டால், அதே 5 மி.லி.யில் இரட்டை மருந்து போய்விடும். "அந்தக் கம்பெனி இல்லீங்க, இது அதே மருந்துதான்" என்று கடைக்காரர் சொன்னால், சீட்டையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணை ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு நாள் எங்கள் வீட்டு ஸ்பூன்களை சிரிஞ்ச் வைத்து அளந்து பார்த்தேன். காபி ஸ்பூன் 3 மி.லி., தயிர் ஸ்பூன் 6½. பாலாடையில் கோடே கிடையாது. பாட்டிலோடு வரும் அளவு மூடி பரவாயில்லை, தரையில் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச்தான். 3.4 மி.லி. என்று டாக்டர் எழுதினால் மூடியில் அளக்க முடியாது, சிரிஞ்சில் முடியும். கடையில் கேட்கும்போது "வாய்ல மருந்து குடுக்க" என்று சொல்லுங்கள். ஊசியோடு கொடுத்தால் ஊசியையும் அதன் மூடியையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிடுங்கள். அந்தச் சின்ன மூடி பிள்ளையின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். மருந்தைக் கொஞ்சம் மூடியில் ஊற்றி அதிலிருந்து உறிஞ்சுங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின் நுனிப்பக்க விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. ஒவ்வொரு வேளையும் பாட்டிலைக் குலுக்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் தண்ணீரும் கடைசி நாட்களில் மருந்துமாகப் போகும்.

இனி பிள்ளை. மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் சங்கில் ஊற்றுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது. என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் ஊற்றினார். ஆனால் இது ஆபத்து. அழுகிற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும். பிள்ளையை நிமிர்த்தி மடியில் உட்கார வையுங்கள். அதன் ஒரு கையை உங்கள் முதுகுப்பக்கம் விட்டு, இன்னொன்றை உங்கள் கையால் அணைத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ஒரு மி.லி., விழுங்கட்டும், அப்புறம் அடுத்தது. தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சக் கூடாது.

பால் புட்டியில் முழுதாகக் கலந்து கொடுக்காதீர்கள். பாதியில் பிள்ளை தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. கசப்புக்குப் பிறகு கொஞ்சம் சர்க்கரையோ வாழைப்பழமோ கொடுக்கலாம். ஒரு வயசுக்குள் தேன் கூடாது. கிளாவுலனிக் சேர்ந்த மருந்தை சாப்பாடு ஆரம்பிக்கும்போது கொடுத்தால் வயிற்றுக்கு நல்லது. மருந்தை மிட்டாய் என்று சொல்லிப் பழக்காதீர்கள். பிறகு நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளையே பாட்டிலைத் தேடும்.

இரண்டு வேளை என்றால் 12 மணி நேர இடைவெளி. காலை 7, இரவு 7 வசதியாக இருக்கும். கொடுத்ததும் சுவரில் மாதக் காலண்டரில் குறித்து வையுங்கள். தினமும் கிழிக்கிற காலண்டரில் வேண்டாம், கிழித்ததோடு கணக்கும் போய்விடும். அம்மா வேலைக்குப் போய், பாட்டி கொடுக்கிற வீடுகளில் இது ரொம்ப முக்கியம். இரண்டு பேரும் கொடுத்த கதையும் உண்டு, இரண்டு பேரும் கொடுக்காத கதையும் உண்டு. பாராசிட்டமால் சிரப்பும் பக்கத்திலேயே இருக்குமல்லவா? அது காய்ச்சல் இருந்தால் மட்டும், டாக்டர் சொன்ன இடைவெளியில். ஆன்டிபயாடிக் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு. குழம்பாமல் இருக்க ஆன்டிபயாடிக் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். கரண்ட் போன இருட்டிலும் கை கண்டுபிடித்துவிடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கொடுத்து அரை மணி நேரத்துக்குள் முழுவதும் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுப்பது வழக்கம்; அதற்குப் பிறகு எடுத்தால் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் வாந்தியாகிறதென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வயிறு கொஞ்சம் இளகிப் போவது சகஜம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை லேபிளில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். உதடு, முகம் வீங்கி மூச்சு இரைத்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அந்த மருந்தின் பெயரைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும்.

இரண்டு நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். நீங்களாக மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டாம். மூன்றாம் நாள் பிள்ளை ஓடி விளையாட ஆரம்பித்ததும் நிறுத்துவதும் கூடாது. டாக்டர் எழுதிய நாள்வரை கொடுங்கள்.

நாள் முடிந்து பாட்டிலில் மிச்சம் இருந்தால், தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ எடுத்து வைக்காதீர்கள். வடிகட்டிய டீத்தூளோடு கலந்து ஒரு கவரில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள், வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். அந்த அப்பத்தா இரண்டாவது தடவை வந்தபோது கோட்டின் மேல் அழியாத மையால் நானே தடிப்பாகக் கறுப்பு வளையம் போட்டுக் கொடுத்தேன். மருந்து தீர்ந்த பிறகு காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் போனார்.