இரு கை பேக்ஹேண்ட்: பிடியை மாற்றிப் பார்ப்பது எப்படி?

டென்னிஸில் இரு கை பேக்ஹேண்ட் (வலது கைக்காரர் இடப்பக்கம் வரும் பந்தை இரு கையாலும் அடிப்பது) ஆடும்போது பந்து வலையில் விழுந்தாலோ கோட்டைத் தாண்டினாலோ பலரும் ஸ்விங்கைத்தான் திருத்தப் போவார்கள். முதலில் பிடியைப் பாருங்கள். ராக்கெட்டின் கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள், அதாவது எட்டுத் தட்டையான பக்கங்கள். கை ஒரு பட்டை நகர்ந்தாலே பிடியின் கோணம் சுமார் 45 டிகிரி மாறிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் வலது கை ஆட்டக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் கைகளை மாற்றிக்கொண்டு பட்டைகளை எதிர்த்திசையில் எண்ண வேண்டும். ராக்கெட் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி முன்னே நீட்டி, கைப்பிடியின் அடிமுனை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். உச்சியில் இருப்பது 1. அங்கிருந்து கடிகார முள் திசையில் எண்ணினால் வலப்பக்கம் 3, அடியில் 5, இடப்பக்கம் 7. ஆள்காட்டி விரலின் அடிக்கணு எந்தப் பட்டையில் அமர்கிறதோ அதை வைத்துத்தான் பிடியைச் சொல்கிறோம்.

ஓவர்கிரிப்பை (கைப்பிடி மேல் சுற்றும் மெல்லிய நாடா) இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றியிருந்தால் பட்டைகளின் விளிம்பு மழுங்கிவிடும். கை எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாது. ஓர் அடுக்கு போதும். ஆனால் அது இடது கை முடியும் இடம் வரை வர வேண்டும். 2, 6, 7 பட்டைகளில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கப் பிடி இதுதான்: வலது கை அடியில், 2ஆம் பட்டையில் (கான்டினென்டல்). இடது கை அதற்கு மேலே, 7இல் (ஈஸ்டர்ன்). கைகள் ஒட்டியிருக்கட்டும், நடுவே இடைவெளி விட்டால் ராக்கெட் தலை வேகமாகச் சுழலாது. இறுக்கத்தை 10 என்று வைத்தால் இடது கைக்கு 6, வலது கைக்கு 4. இந்த அடியில் பெரும்பங்கு வேலை இடது கையுடையது. அதனால் முதல் சோதனையும் அந்தக் கையில்தான்.

நண்பர் ஒருவரை வலையருகே நிற்கவைத்து 30 பந்துகள் போடச் சொல்லுங்கள்: முழங்கால் உயரத்தில் 10, இடுப்புக்கு 10, தோளுக்கு 10. எல்லாவற்றையும் குறுக்காகவே அடியுங்கள். வலையில் எத்தனை, கோட்டுக்கு வெளியே எத்தனை என்று உயரம் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடது கையை மட்டும் 7இலிருந்து 6க்கு (செமி வெஸ்டர்ன்) நகர்த்தி அதே 30. வலது கையைத் தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

6இல் ராக்கெட் முகம் கொஞ்சம் கவிழும், டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி) கூடும், தோள் உயரப் பந்துகள் கோட்டுக்குள் இறங்கும். அதற்கு விலை முழங்கால் உயரப் பந்துகளில் தெரியும்: வலையில் போய் விழும். அப்படி நடந்தால் உடனே பிடியைக் குறை சொல்ல வேண்டாம். இந்தப் பிடிக்குப் பந்தை வழக்கத்தைவிட ஒரு சாண் முன்னாலேயே சந்திக்க வேண்டும். தாமதித்தால் முகம் கவிழ்ந்தபடியே பந்தைத் தொடும். முழங்காலை மடக்கி, முன்னால் சந்தித்து இன்னொரு 10 அடித்துப் பாருங்கள். அப்படியும் பாதிக்கு மேல் வலையில் விழுந்தால் 7தான் உங்களுக்குச் சரி. பந்து தாழ்வாக எழும் மைதானத்தில் ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் 7தான் பொருந்தும்.

அடுத்து வலது கை. 2இலிருந்து 1க்குப் போனால் டாப்ஸ்பின் இன்னும் கூடும், ஆனால் ஃபோர்ஹேண்டுக்கு (வலப்பக்கப் பந்தை அடிப்பது) திரும்ப அதிக தூரம் கையைத் திருப்ப வேண்டும். சர்வ் வேகமாக வரும்போது அதற்கு நேரம் கிடைக்காது. ஆரம்ப ஆட்டக்காரர்களிடம் அதிகம் காண்பது இதற்கு நேரெதிர்: ஃபோர்ஹேண்ட் பிடியை மாற்றாமல் வலது கையை 3இலேயே விட்டுவிடுவது. அப்போது வலது மணிக்கட்டு மடங்கி நிற்கும், முழங்கை உடம்போடு ஒட்டும், பந்தை முன்னால் சந்திக்க முடியாது. இதைத் தவறாமல் திருத்துங்கள்.

திருத்தும் இடம் தோள் திரும்பும் கணம். காத்திருக்கும்போது இடது கை ராக்கெட்டின் கழுத்தில் இருக்கட்டும். தோள் திரும்பும்போதே இடது கையால் ராக்கெட்டைச் சுழற்றி, வலது கையைத் தளர்த்தி 2க்குக் கொண்டுவாருங்கள். இடது கை சறுக்கிக் கீழே வந்து அதோடு சேரட்டும். ராக்கெட் முன்னோக்கி நகரத் தொடங்கிய பிறகு பிடியைத் தேடினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

இடது கையைப் பழக்க, வலது கையை எடுத்துவிட்டு, இடது கையை அதன் வழக்கமான இடத்திலேயே வைத்து, தினமும் 20 பந்துகளை சர்வீஸ் கோட்டிலிருந்து மெதுவாக அடியுங்கள். பலன் சீக்கிரம் தெரியும் பயிற்சி இது.

ஃபோர்ஹேண்டையும் இரு கையால் அடிக்கலாமா? முன்னாள் வீராங்கனை மோனிகா செலஸ் அடித்தார். 2013இல் விம்பிள்டன் வென்ற மரியோன் பார்ட்டோலியும் அடித்தார். ஆனால் எட்டும் தூரம் குறையும், ஒவ்வொரு பந்துக்கும் ஓரிரு அடி கூடுதலாக ஓட வேண்டும். கால் வேகம் இருப்பவர்கள் மட்டும் முயலலாம்.

6ஆம் பட்டைக்கு மாறியபின் இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு 7க்குத் திரும்புங்கள். ஓய்வுக்குப் பிறகும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் ராக்கெட்டைத் தொடாதீர்கள்.