மூத்த பத்திரிகையாளர் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்காரும் முன்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் தாங்கள் எடுத்த ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பி, கேட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற நிருபர் ஒருவரோடு இரண்டு மணி நேரப் பேச்சு. பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அவர்கள் மேல் கோபம் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் பேசியதை அப்படியே திரும்பக் கேட்பதுபோல இருந்தது. அதே கேள்விகள், அதே அவசரம், அதே “சரிங்க ஐயா, அடுத்ததாக...”

சார்ஜ் தீர்ந்துபோவது, மின்விசிறிக்கு நேர் கீழே மைக்கை வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகப் புத்தி வந்துவிடும். பட்டும் புத்தி வராத சில தவறுகள் உண்டு.

“மறக்க முடியாத அனுபவம் எது?”

கேட்டால், பல மேடைகளில் சொல்லித் தேய்ந்த கதைதான் வரும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூருக்குப் போயிருக்க வேண்டியவன், கடைசி நேரத்தில் வேறொருவரை அனுப்பினார்கள் என்று இதுவரை ஐந்து பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஐவரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறும், அவ்வளவுதான். குண்டு வெடித்தபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. தகவல் வந்தபோது முதல் பக்கம் முடிந்திருந்ததா, எந்தச் செய்தியைத் தூக்கிவிட்டு இதைப் போட்டீர்கள், வெளியூருக்குப் பத்திரிகைக் கட்டு ஏற்றிப்போகும் வண்டியை யார் நிறுத்தி வைத்தது என்று கேளுங்கள். இவற்றுக்குத் தயார் பதில் யாரிடமும் இருக்காது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

தொழில் தனி, குடும்பம் தனி

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். என் கேள்வித்தாளில் முதல் இரண்டு பக்கம் பணி, கடைசி அரைப் பக்கம் குடும்பம். குடும்பத்துக்கு நான் ஒதுக்கியிருந்தது பத்து நிமிடம். அவர் நெருக்கடிநிலைக் காலத் தணிக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1975 ஜூலையிலேயே, அச்சாகப்போகும் பக்கத்தின் புரூப்பை எடுத்துக்கொண்டு அதிகாரியின் முன் நின்றதையும், அவர் சிவப்பு மையில் அடித்த பத்திகளின் இடத்தை நிரப்ப நள்ளிரவில் சமையல் குறிப்பு தேடியதையும் சொன்னார். சமையலறையில் பாத்திரம் உருண்டது. அவர் மனைவி எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அம்மா, கொஞ்சம் சத்தம் வேண்டாம், பதிவாகிறது” என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல அமைதியான பதிவு கிடைத்தது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, எழுத்தாக்குவதற்காகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். என் குரலுக்கு முன்னால், தூரத்தில், அந்த அம்மாவின் குரல்: “அது அப்போது இல்லை. பெரியவளுக்குக் காது குத்திய மாசி. நீங்கள் விடியற்காலையில் வந்து...” அதற்கு மேல் என் குரல்தான்.

அவர்கள் மகளிடம் கேட்டேன். பழைய வீட்டுக் கணக்கு நோட்டில் ஆசாரிக்குக் கூலி கொடுத்த குறிப்பு இருந்தது: 1976 பிப்ரவரிக் கடைசி. மாநில ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31. அதன் பிறகுதான் இங்கே கெடுபிடி இறுகியது. புத்தகங்களில் படித்த 1975 அவர் நினைவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மாவின் கணக்குச் சரி.

ஆண்டைத் திருத்திவிட்டேன். ஆனால் விடியற்காலையில் வந்து என்ன செய்தார்? சொல்ல வேண்டிய அந்த அம்மா அதற்குள் காலமாகிவிட்டார். பெரியவரிடமே கேட்டேன். “என்ன சொல்ல வந்தாளோ தம்பி. மூன்று மணிக்கு வருவேன், படுத்துவிடுவேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை” என்றார்.

இரவுப் பணிக்காரர் வீட்டில் அலுவலகத்தின் வரலாறு பாதி மனைவியிடம்தான் இருக்கிறது. எந்த மாதம் சம்பளம் தள்ளிப்போனது, எந்த இரவு சாப்பிடாமல் படுத்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்குப் போன நிருபர் ஒருவர், 2004 ஜூலை 16 அன்று பார்த்ததை எழுதிக் கொடுத்த செய்தி மாதிரியே ஒப்பித்தார்: 94 குழந்தைகள், கூரை, மாடிப்படி. பக்கத்தில் இருந்த மனைவி, “அந்த வாரம் முழுக்க நம் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லையே நீங்கள்” என்றார். “காய்ச்சல் என்றுதானே...” என்று தொடங்கிய அவரால் முடிக்க முடியவில்லை. அதன் பிறகு வந்த முக்கால் மணி நேரப் பேச்சுக்காகத்தான் அந்தப் பதிவை நான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு மைக் வாங்குங்கள். இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும். ஒருவர் மறுத்துப் பேசும்போது நடுவர் வேலை பார்க்காதீர்கள். ஆனால், வீட்டு விஷயம் எதை வெளியிடலாம் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் சரி என்பது மற்றவருக்குச் சரியாக இருக்காது.

சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படுவது

முதல் சம்பளம் எவ்வளவு, யார் கையில் கொடுத்தீர்கள். கூச்சம் நமக்குத்தான்.

தெரிந்ததைக் காட்டிக்கொள்வது

வாயை மூடிக்கொண்டிருங்கள்.

வெறுங்கையோடு போவது

அவர் வேலை செய்த காலத்து நாளிதழ் ஒன்றின் நகலாவது கையில் இருக்கட்டும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒரு பகல் செலவழித்தால் கிடைத்துவிடும். பெரிய சம்பவம் நடந்த நாளைத் தேட வேண்டாம், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை போதும். அப்படி ஒரு பக்கத்தை ஒருவரிடம் நீட்டினேன். தலைப்பை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோய், ஆறாவது பத்தியின் அடியில் விரலை வைத்தார். ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தது. “அன்றைக்கே பார்த்தேன், அதற்குள் அச்சு ஓடத் தொடங்கிவிட்டது” என்றபடி என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார்.