கலிபோர்னியா வாகனப் புகை வழக்குகளைப் படிப்பது எப்படி

பினாங்கு மாநில அரசு தன் சாலைகளில் ஓடும் கார்களுக்கென்று தனியாகப் புகை அளவு விதிக்க முடியாது. மோட்டார் வாகனங்கள் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. மாநிலச் சட்டம் முரண்பட்டால் கூட்டரசுச் சட்டமே நிற்கும் என்று நம் அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு கூறுகிறது. இதையே படித்துப் பழகிய கோலாலம்பூர் சட்ட மாணவர்கள், கலிபோர்னியாவுக்கு மட்டும் தனி விதி எப்படி வந்தது என்று முதல் பக்கத்திலேயே திணறுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

தீர்ப்பைப் பிறகு திறக்கலாம்; முதலில் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 209ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய வாகனங்களுக்கு மாநிலங்கள் புகைத் தரம் விதிக்கக் கூடாது என்று அது தடுக்கிறது. 1966 மார்ச் 30க்கு முன்பே தரம் விதித்திருந்த மாநிலத்துக்கு அத்தடையிலிருந்து விலக்கு உண்டு என்று அடுத்து சொல்கிறது. அந்த நிபந்தனைக்குள் அடங்குவது கலிபோர்னியா மட்டுமே.

இங்கே பென்சிலை எடுத்து வினைச்சொல்லின் கீழே கோடிடுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விலக்கைக் 'கொடுக்கலாம்' என்று சட்டம் சொல்லவில்லை, 'கொடுக்க வேண்டும்' என்கிறது. மறுப்பதற்குக் காரணங்கள் மூன்றுதான்: தன் தரங்கள் ஒட்டுமொத்தத்தில் கூட்டரசுத் தரங்களுக்குக் குறையாத பாதுகாப்பைத் தரும் என்ற மாநிலத்தின் முடிவு ஆதாரமற்றதாக இருப்பது; கட்டாயமான, அசாதாரணமான சூழ்நிலை எதுவும் இல்லாததால் அத்தரங்கள் அதற்குத் தேவைப்படாதது; புதிய வாகனங்களுக்கான கூட்டரசுத் தரங்களைப் பற்றிய 202ஆவது பிரிவோடு அவை ஒத்துப்போகாதது. என் மாணவி ஒருவர் குறிப்பேட்டில் 'கொடுக்கலாம்' என்று எழுதிக்கொண்டதால், பன்னிரண்டு பக்கக் கட்டுரை முழுவதும் நிரூபிக்கும் சுமையைக் கலிபோர்னியாவின் தலையில் ஏற்றிவிட்டார்.

சண்டை பெரும்பாலும் இரண்டாவது காரணத்தில்தான் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டம் அந்த ஊருக்கே உரியது. வெப்பத்தைத் தேக்கும் வாயுக்களோ உலகம் முழுவதற்கும் பொதுவானவை. அவற்றுக்கான விலக்கை முகமை 2008இல் இந்தக் காரணத்தால் மறுத்து, 2009இல் கொடுத்தது. 2013இல் கொடுத்த மற்றொரு விலக்கின் ஒரு பகுதியை 2019இல் திரும்பப் பெற்று, 2022இல் மீட்டுத் தந்தது. 177ஆவது பிரிவின்படி பிற மாநிலங்களும் கலிபோர்னியாவின் தரத்தை அப்படியே பின்பற்றலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் பாதிக்கப்படும் சந்தை மிகப் பெரியது.

அடுத்து, வழக்குத் தொடுத்தவர் யார் என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டு முடிவை எரிபொருள் நிறுவனங்கள் எதிர்த்தபோது, அவற்றுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் கூறியது. தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 20 அன்று 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. இதை 'விலக்கு செல்லாது' என்ற தீர்ப்பாகப் படித்துவிடாதீர்கள், அந்தக் கேள்வியை நீதிபதிகள் தொடவே இல்லை.

1975ஆம் ஆண்டின் அமெரிக்க எரிபொருள் சிக்கனச் சட்டத்தில், மாநிலங்கள் எரிபொருள் சிக்கன விதிகளை வகுப்பதற்குத் தனித் தடை உண்டு. அதற்கு இத்தகைய விலக்கு இல்லை. கரியமில வாயு எரிபொருள் செலவோடு பிணைந்திருப்பதால் அந்த வழியாகவும் தாக்குகிறார்கள், ஆகவே இதற்குத் தனித் தாள் வையுங்கள்.

2025 ஜூன் 12 அன்று கையெழுத்தான அமெரிக்க நாடாளுமன்றத் தீர்மானங்களுக்கும் இன்னொரு தாள் வேண்டும். மூன்று விலக்குகளை அவை ரத்து செய்தன. கலிபோர்னியாவும் வேறு சில மாநிலங்களும் அன்றே வழக்குத் தொடுத்தன. முகமைகளின் 'விதிகளை' ரத்து செய்ய 1996ஆம் ஆண்டுச் சட்டம் தரும் குறுக்குவழி, ஒரு விலக்குக்கும் பொருந்துமா என்பதை அந்தத் தாளின் முதல் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள்.