வளைகுடாவில் நகைக்கடை போடப் போகிறீர்களா? அட்லஸ் ராமச்சந்திரன் கதையைத் தெரிந்துகொண்டு போடுங்கள்

துபாயில் நகைக்கடை போடலாமா என்று யார் கேட்டாலும் எல்லாரும் லைசென்ஸ் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். அது இப்போது பெரிய தலைவலியே இல்லை. 2021 ஜூனிலிருந்து பெரும்பாலான தொழில்களுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை 51 சதவீதப் பங்குதாரராகச் சேர்க்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது, நல்ல கன்சல்டன்ட் ஒருவரைப் பிடித்தால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார். ஆளைக் கவிழ்ப்பது அதற்கு அப்புறம் வருகிற விஷயம்: கடன் தங்கமும் நீங்கள் போடும் கையெழுத்தும். அதைப் புரிந்துகொள்ள அட்லஸ் ராமச்சந்திரன் வாழ்க்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1942-இல் திருச்சூரில் பிறந்தவர். வங்கி ஊழியர், 1974-இல் குவைத்துக்குப் போனதும் வங்கி வேலைக்குத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கேயே அட்லஸ் நகைக்கடையைத் தொடங்கினார். 1990-இல் சதாம் படை குவைத்துக்குள் நுழைந்தபோது எல்லாம் போனது. துபாய்க்கு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, சுமார் ஐம்பது கிளைகள் வரை கொண்டுபோனார். நடுவில் ‘வைசாலி’ மாதிரி மலையாளப் படங்களையும் தயாரித்தார். 2015 ஆகஸ்டில் செக் திரும்பிய வழக்கில் கைது. பதினைந்துக்கும் மேற்பட்ட வங்கிகளுக்கு மொத்தம் 55 கோடி திர்ஹம் அளவுக்குக் கடன். கிட்டத்தட்ட மூன்று வருடம் உள்ளே இருந்துவிட்டு 2018-இல் வெளியே வந்தார். கடையைத் திரும்பத் திறக்கும் ஆசையை விடவில்லை, அது நடக்காமலே 2022 அக்டோபர் 2-ஆம் தேதி துபாயில் காலமானார்.

வங்கிக்காரர், கடன் என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர். அவருக்கே இந்த நிலை என்றால் நாம் கணக்கை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று பாருங்கள்.

முதலில் சரக்கு. வளைகுடாவில் கடையில் மின்னும் தங்கம் எல்லாம் முதலாளியின் சொந்தக் காசு என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த வியாபாரியிடமோ வங்கியிடமோ எடையாகக் கடன் வாங்குவார்கள், விலை பிறகு பேசப்படும். இதை ‘அன்ஃபிக்ஸ்’ என்பார்கள். விலையை எந்த நாளில் பூட்டுகிறீர்களோ அந்த நாள் விலைதான் நீங்கள் கொடுக்க வேண்டிய பணம். இதில் ஒரே ஒரு விதி: இன்று 200 கிராம் விற்றால் இன்று மாலைக்குள் 200 கிராமுக்கு விலையைப் பூட்டிவிடுங்கள். ‘நாளைக்கு இறங்கும், இரண்டு நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் நீங்கள் நகை வியாபாரி இல்லை, சூதாடி. ஏறினால் வாடிக்கையாளரிடம் வாங்கிய பணம் தங்கத்தைத் திருப்பித் தரப் போதாது. மறுபக்கமும் உண்டு. 2013 ஏப்ரல் நடுவில் இரண்டே வர்த்தக நாளில் தங்கம் விலை அவுன்ஸுக்கு சுமார் 200 டாலர் சரிந்தது. அன்று வாடிக்கையாளர்களுக்குக் கொண்டாட்டம், ஆனால் சொந்தப் பணத்தில் விலை பூட்டிய சரக்கைக் குவித்து வைத்திருந்த கடைக்காரனுக்கு ஒரே வாரத்தில் பல வருடச் செய்கூலி லாபம் கரைந்தது. உங்கள் லாபம் செய்கூலியில்தான் வர வேண்டும், தங்கத்தின் விலையில் இல்லை. இதைக் கணக்குப் பார்ப்பவரிடம் விட்டுவிடாமல் தினமும் கடை சாத்துவதற்கு முன் நீங்களே பாருங்கள்.

வைரம் இன்னும் மோசம். தங்கத்தை உருக்கினால் எடைக்காவது காசு வரும், வைரத்தை அவசரத்துக்கு விற்கப் போனால் பாதி விலைகூடக் கிடைக்காது. ராமச்சந்திரன் உள்ளே இருந்தபோது ஊழியர்களின் சம்பளப் பாக்கியை அடைக்க, 50 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள வைரங்களை 15 லட்சத்துக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று அவர் மனைவி இந்திரா பத்திரிகைக்குச் சொன்னார். புதுக் கடைக்காரர்கள் ஷோகேஸ் பளபளப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வைரத்தில் பணத்தைப் போட்டு முடக்குகிறார்கள். முதல் இரண்டு வருடம் 22 காரட் தங்கமே போதும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது விலக்குகள் பகுதியை வரி விடாமல் படியுங்கள். திருட்டுக்கும் தீவிபத்துக்கும் பணம் தருகிற பாலிசிகள் போருக்குப் பெரும்பாலும் தருவதில்லை. எனவே மொத்தச் சரக்கையும் ஒரே நாட்டில் வைக்காதீர்கள், குவைத் கதை அதுதான்.

அடுத்தது கையெழுத்து. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘எல்எல்சி கம்பெனிதானே, நஷ்டம் வந்தால் கம்பெனியோடு போகட்டும்’ என்ற நினைப்பு. எல்எல்சி என்றால் முதலாளியின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நிற்கும் கம்பெனி. வங்கி அப்படி விடுமா? கடன் கொடுக்கும்போதே முதலாளியிடம் சொந்த ஜாமீன் எழுதி வாங்கும், கூடவே தேதி போடாத செக்கும் கேட்கும். அந்த இரண்டிலும் கையெழுத்துப் போட்டதும் எல்எல்சி என்ற வேலி உங்களைப் பொறுத்தவரை இல்லை. பல வங்கிகளிடம் வாங்கியிருந்தால் இன்னொரு ஆபத்து: ஒரு வங்கியில் செக் திரும்பியது தெரிந்ததும் மற்ற வங்கிகளும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்கும். எனவே வங்கிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள், ஒவ்வொரு ஜாமீனுக்கும் உச்சத் தொகை எழுதச் சொல்லுங்கள், கடன் அடைந்த அன்றே செக்கைத் திருப்பி வாங்குங்கள். நகைக்கடைக்கு வாங்கிய கடனை மருத்துவமனையிலோ மனையிலோ படத்திலோ போடாதீர்கள். அங்கே முடங்கிய பணம் நகைக்கடைத் தவணை நாளில் திரும்பி வராது.

அமீரகச் சட்டம் அப்போதைவிட இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 2022 ஜனவரி 2 முதல், கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் அது மட்டும் குற்ற வழக்கு ஆகாது. கணக்கை முன்கூட்டியே மூடுவது, வேண்டுமென்றே பணம் போகாதபடி செக் எழுதுவது போன்ற மோசடிக்குத்தான் குற்ற வழக்கு. ஆனால் திரும்பிய செக்கை வைத்து கடன் கொடுத்தவர் தனி வழக்கு நடத்தாமலே, தீர்ப்பைச் செயல்படுத்தும் நிறைவேற்று நீதிமன்றத்துக்கு நேராகப் போகலாம், சொத்தை முடக்கலாம், பயணத் தடை கேட்கலாம். ஆகவே நெருக்கடி தெரிந்ததும், செக் திரும்பும் வரை காத்திருக்காமல் வக்கீலிடம் போங்கள். 2024 மேயில் நடைமுறைக்கு வந்த புதிய திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வழி இருக்கிறது. 2015-இல் இந்த இரண்டு சட்ட மாற்றமும் வந்திருக்கவில்லை.

சில்லறை விஷயம் ஒன்று: 55,000 திர்ஹமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாடிக்கையாளரின் அடையாள ஆவணத்தோடு அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கவுன்டரில் உட்காருபவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விளம்பரம். நகைக்கடை என்றால் நடிகையைப் போடுவார்கள், ராமச்சந்திரனோ தானே வந்து நின்று ‘ஜனகோடிகளின் நம்பிக்கை நிறுவனம்’ என்று மலையாளத்தில் சொன்னார். கேலி செய்தவர்களும் கடைப் பெயரை மறக்கவில்லை, விளம்பரம் அந்த அளவுக்கு எடுபட்டது. முதலாளி முகமே கடை என்றால் செலவு குறைவு. ஆனால் அந்த முகம் கோர்ட்டில் நிற்கிற நாளில் கடைக்கு வேறு முகம் இல்லை. குறைந்தபட்சம் ஒரு மேலாளருக்காவது கடையை நடத்தவும் வங்கியில் கையெழுத்திடவும் முறையான அதிகாரப் பத்திரம் எழுதி வையுங்கள்.

கடைசியாக, சம்பாதித்ததைக் கொடுக்கிற விஷயம். இதற்கு நான் காட்டுவது பியூர் கோல்ட் நிறுவனத்தின் ஃபிரோஸ் மெர்ச்சண்டை. மும்பைக்காரர், கடன் கட்ட முடியாமல் சிறையில் இருப்பவர்களுக்காகப் பணம் கட்டி வெளியே கொண்டுவருகிறார். 2024 ரமலானுக்கு முன் 900 கைதிகளுக்காக 10 லட்சம் திர்ஹம் கொடுத்தார். அவர் பணத்தைக் காவல்துறை, சிறை நிர்வாகம் வழியாகத்தான் கொடுக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அமீரகத்தில் உரிமம் இல்லாத தனிநபர் நன்கொடை வசூலிப்பது குற்றம், ‘கஷ்டப்படும் நம்ம ஊர்ப் பையனுக்கு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவதும் இதில் மாட்டும். கொடுப்பதென்றால் உங்கள் சொந்தப் பணத்தை, உரிமம் பெற்ற அறக்கட்டளைக்கோ அதிகாரிகள் வழியாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். அதுவும் அந்த மாத வங்கித் தவணையும் ஊழியர் சம்பளமும் போன பிறகு.