புரோமினுக்கு 45 நியூட்ரான் என்று எழுதினால் ஏன் தவறு?

நிறை எண்ணிலிருந்து அணு எண்ணை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கையை, கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை வந்துவிடும். இந்தக் கழித்தலில் யாரும் சறுக்குவதில்லை. எந்த எண்ணிலிருந்து கழிக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தனிம வரிசை அட்டவணையில் தசமப் புள்ளியோடு இருப்பது நிறை எண் அல்ல, சராசரி அணு நிறை. இயற்கையில் ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுக்கள்) எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றனவோ, அந்த விகிதப்படி கணக்கிட்ட மதிப்பு அது. நிறை எண் என்பது ஒரு குறிப்பிட்ட அணுவின் கருவில் உள்ள புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டிச் சொல்வது. எண்ணிக்கை என்பதால் அதில் தசமம் வரவே வராது.

தசமத்தை முழு எண்ணாக்கிக் கழிக்கும் பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது? சோடியத்துக்கு 22.99 என்பதை 23 ஆக்கி 11-ஐக் கழித்தால் 12. அலுமினியத்துக்கு 26.98, அதாவது 27. 13 போக 14. பாஸ்பரஸுக்கு 31-இல் 15 போக 16. மூன்றும் சரியான விடைகளே. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் இயற்கையில் நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் குறுக்குவழி பலித்தது.

இதே வழியில் புரோமினுக்குப் போனால் 79.90 என்பது 80 ஆகும். 35 போக 45. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமினில் சுமார் 51 விழுக்காடு புரோமின்-79, மீதி 49 விழுக்காடு புரோமின்-81. நியூட்ரான்கள் 44 அல்லது 46. புரோமின்-80 என்பது ஆய்வகத்தில் உண்டாக்கப்படும் கதிரியக்க ஐசோடோப்பு. வெள்ளியிலும் இதே கதைதான்: 107.87-ஐ 108 ஆக்கினால் 61 வரும், இருப்பதோ 60-ம் 62-ம். தாமிரத்துக்கு 63.55-ஐ 64 ஆக்கி 35 என்பார்கள். உண்மையில் 34 அல்லது 36.

ஆகவே கேள்வியில் ஐசோடோப்பின் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அதிகம் கிடைக்கும் ஐசோடோப்பை எடுத்துக்கொண்டு அதை விடையிலேயே குறிப்பிடுங்கள்: "குளோரின்-35-இல் 18 நியூட்ரான்கள்." குளோரின்-37 என்றால் 20. ஐசோடோப்பைச் சொல்லாமல் "குளோரினில் 18" என்பது அரைகுறை விடை.

அடுத்த குழப்பம் மேல், கீழ். பல அட்டவணைகளில் அணு எண் மேலேயும் அணு நிறை கீழேயும் இருக்கும். ஐசோடோப்பைக் குறியீட்டால் எழுதும்போது தலைகீழ்: நிறை எண் மேலே, அணு எண் கீழே. இடத்தை நம்ப வேண்டாம். குறியீட்டில் பெரிய எண்தான் நிறை எண்; அட்டவணையில் பெரிய எண் சராசரி அணு நிறை. சாதாரண ஹைட்ரஜனுக்கு மட்டும் இரண்டுமே 1, எனவே நியூட்ரான் பூஜ்யம்.

அயனிகளில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்துவிடுவதும் உண்டு. சோடியம்-23 ஒற்றை நேர்மின் அயனியில் எலக்ட்ரான்கள் 10. ஆனால் கழிக்க வேண்டியது 11. மின்சுமை கூடினாலும் குறைந்தாலும் கருவில் எதுவும் மாறாது.

புரோட்டானும் நியூட்ரானும் சமமாகத்தான் இருக்கும் என்ற ஊகம் கார்பன்-12, ஆக்சிஜன்-16, கால்சியம்-40 போன்றவற்றில் பொருந்தும். ஈயம்-208-இல் புரோட்டான் 82, நியூட்ரான் 126.

போட்டித் தேர்வுகளில் இன்னொரு வடிவம் வரும்: 18 கிராம் நீரில் எத்தனை நியூட்ரான்கள்? ஹைட்ரஜன்-1, ஆக்சிஜன்-16 என்று கொண்டால் ஒரு மூலக்கூறில் 8. 18 கிராம் ஒரு மோல், அதாவது 6.022 × 10²³ மூலக்கூறுகள், என்பதால் 8 × 6.022 × 10²³, அதாவது சுமார் 4.82 × 10²⁴. அதையே கன நீருக்குக் கேட்டால் இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். அதில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் இருக்கும் டியூட்டீரியம் (ஹைட்ரஜன்-2) ஒவ்வொன்றிலும் ஒரு நியூட்ரான் இருப்பதால் மூலக்கூறுக்கு 10. மோல் நிறையும் 20 கிராமாகிவிடும், எனவே 18 கிராம் என்பது 0.9 மோல்தான். விடை சுமார் 5.42 × 10²⁴. முதல் மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு 6.02 × 10²⁴ என்று எழுதுபவர்களே அதிகம்.