பழைய அம்பாசடருக்குப் பெயின்ட் அடிக்குமுன் துருவையும் சீலரையும் அகற்றும் முறை

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடருக்குத் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து கூட்டிய பாடியே வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. அத்தகடுகள் சேரும் விளிம்புகளில் தண்ணீர் புகாதிருக்கப் பூசப்பட்ட சீலர், பல ஆண்டு வெயிலில் இறுகிச் சுருங்கி ஓரங்களில் விரிசல் விட்டபின், உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. டிக்கித் தரையின் ஓரம், சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவின் அடிமடிப்பு, கண்ணாடி பீடிங்கின் கீழ்மூலை ஆகிய இடங்களில் துரு முதலில் தலைகாட்டுவது இதனால்தான். மேற்புறத்தை மட்டும் தேய்த்து, பள்ளங்களை நிரப்பப் பட்டி பார்த்து, பளபளப்பாக முடித்த வண்டி ஓரிரு மழைக்காலங்களுக்குள் அதே மூலைகளில் கொப்புளம் விடுவதில் வியப்பில்லை.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சீட், தரைவிரிப்பு, ரப்பர் பீடிங் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். டிக்கிப் பக்கம் சூடோ தீப்பொறியோ வரும் வேலை இருந்தால் பெட்ரோல் டாங்கியையும் கழற்றித் தொலைவில் வைக்க வேண்டும். காலி டாங்கிதானே என்று விட்டுவிடுவது, ஆவி நிறைந்திருப்பதால், நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே செல்லலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மொத்தையாக ஒலிக்கும் இடத்தில் கனத்த பட்டியோ உதிரும் துருவோ இருக்கும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்தினால், அது ஒட்டாமல் நழுவும் இடம் பழைய டிங்கரிங்கில் பட்டியால் மூடப்பட்ட இடம் என்று கொள்ளலாம்.

முதலில் சீலரை எடுக்க வேண்டும், துருவை அல்ல. பலர் கிரைண்டரில் வயர் பிரஷை மாட்டி நேராகச் சீலரின்மேல் வைக்கிறார்கள்; உராய்வின் சூட்டில் அது இளகித் தகடெங்கும் இழுபட்டு, இணைப்பின் இடுக்கிலும் போய் அடைத்துக்கொள்கிறது. இதற்கு ஹீட் கன்னே ஏற்றது. அதை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே சூடேற்றி, சீலர் இளகியதும் குறுகிய பட்டித் தகட்டைச் சாய்வாகப் பிடித்து விளிம்பின் போக்கிலேயே தள்ளினால் அது நீள நாடாவாக உரிந்து வரும். புகை எழுந்தால் சூடு அதிகம் என்று பொருள். சூட்டைக் குறைக்க வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைச் சூடாக்கவே கூடாது. அதிலிருந்து நச்சு வாயு உண்டாகும். ஒட்டியிருக்கும் மிச்சத்தை, தகடு ஆறிய பிறகு, தின்னரில் நனைத்த துணியால் துடைக்கலாம்.

சீலர் உரிந்த கோட்டை வெளிச்சம் பிடித்து உற்றுநோக்குவதே இந்த வேலை முழுவதிலும் முக்கியமான கட்டம். தகடு சாம்பல் நிறமாகவோ பெயின்டுக்கு அடியில் பூசிய பழைய ப்ரைமரோடோ இருந்தால் கவலையில்லை. இரண்டு தகடுகளுக்கும் நடுவே பழுப்புப் பொடி வரியாகத் தெரிந்து, தகடுகள் சற்றே விலகியும் இருந்தால், இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் துரு உள்ளிருந்து நெம்பிக்கொண்டிருக்கிறது; மேலிருந்து தேய்ப்பதால் பயனில்லை. ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுப் பிரித்து, உட்பக்கத்தைச் சுத்தம் செய்து, வெல்டிங் தாங்கும் துத்தநாக ப்ரைமர் பூசி, மறுபடியும் பற்றவைப்பதே சரியான வழி. கதவுக்குக் கீழுள்ள சில் பகுதி பாரம் தாங்குவதாகையால், அதைப் பிரிக்குமுன் பாடிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

திறந்த இடத்துத் துருவில் செதிலாக இருப்பதை உளியால் பெயர்த்துவிட்டு, நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க்காலும் 80ஆம் எண் எமரித் தாளாலும் தகட்டின் வெண்மை தெரியும்வரை தேய்க்கலாம். வயர் பிரஷை மட்டும் நம்பினால் குழிகளில் உள்ள துரு கருத்து மினுங்கும், போகாது. அரைக்கும் கல்லை மாட்டுவதோ தகட்டையே மெலிதாக்கும். மணல் வீச்சு பானட், கூரை போன்ற அகன்ற தகடுகளை நெளித்துவிடும். சிலிக்கா மணல் தூசி நுரையீரலையும் கெடுக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சாதாரணத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உலர்தேய்ப்பு செய்வது போதாது. துகள் வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் தேவை.

குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் ரிமூவரைத் தூரிகையால் பூசி, தயாரிப்பாளர் சொன்ன நேரத்தில் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் இதற்கு ஆகாது. அதன் குளோரைடு இடுக்கில் தங்கி மறுபடியும் துருவை வளர்க்கும். எந்த அமிலத்தையும் தகட்டு இணைப்புக்குள் ஊற்றக் கூடாது.

வெறும் தகட்டை இரவு முழுவதும் விடக் கூடாது, அதுவும் கடற்காற்று வீசும் ஊர்களில். அன்றைக்கு ப்ரைமர் அடிக்க முடிந்த அளவுக்கே அன்றன்று உரித்துக்கொள்வது நல்லது. எண்ணெய்ப் பசை நீக்கியபின் வெறும் கையால் தொடாமல், இரு பொருள் கலந்து அடிக்கும் எபாக்ஸி ப்ரைமரைப் பூச வேண்டும். ஈரத்தை ஊடுருவ விடும் பட்டியும் சாதாரண ரெட் ஆக்சைடு ப்ரைமரும் அதற்கு ஈடாகா. புதிய சீலர், வெறும் தகட்டில் அல்லாமல், இந்த எபாக்ஸியின்மேல்தான் வர வேண்டும். கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகள் சீலரால் அடைபடாதபடி கம்பியால் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். சில், கதவு போன்றவற்றின் உள்வெற்றிடங்களில் துரு பிடிக்காதிருக்கத் தெளிக்கும் மெழுகைப் பெயின்ட் முடிந்து காய்ந்த பிறகே தெளிக்க வேண்டும். முன்பே தெளித்தால் அது ஓரங்களில் கசிந்து, பெயின்ட் பிடிக்காமல் குழிகுழியாக விலகும்.